நைனாவின் விரதம்

நாலு நாளாகச் சம்பவநாத நயினாரின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். எதைக் கேட்டாலும் ‘ஆமா’. பசிக்குது என்று சொல்ல வாயைத் திறந்தாலும் ‘ஆமா’தான் வந்து தொலைத்தது. செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயது வரை பேசியே ஊரை மடக்கிய மனுஷனுக்கு வந்த கதியைப் பாருங்கள்!

திங்கட்கிழமை காலையில் மண்டியிலேயே சரிந்தார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. மறுநாள் டாக்டர் ரங்கநாதன் வீட்டுக்கு வந்து பார்த்தார். கட்டிலருகில் நின்று மகன் ஜினசேனனிடம் பொறுமையாகத்தான் சொன்னார்.

“மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்குது. ரத்தம் போகாத இடம் செத்துப்போச்சு. செத்தது திரும்பாது. ஆனா சுத்தி இருக்கிறது பூரா சாகல, சிலது மயங்கித்தான் கிடக்குது. தண்ணியும் ஆகாரமும் உள்ள போனா கொஞ்சமாவது எழுந்துக்கும். கை காலை தினமும் மடக்கி நீட்டி விடுங்க. படுக்க வச்சு எதையும் ஊத்தாதீங்க, பொரையேறும். நிமிர்த்தி உட்கார வச்சு, கெட்டிக் கஞ்சியா, கரண்டி நுனியில குடுங்க. முடியலன்னா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. மூக்கு வழியா குழாய் விட்டு ஆகாரம் குடுப்பாங்க.”

நயினாருக்கு ஓரெழுத்து விடாமல் புரிந்தது. மகன் மண்டையில் ஏறியதோ ‘செத்தது திரும்பாது’ மட்டும்தான். டாக்டர் தெரு முனை தாண்டுவதற்குள், அழுதுகொண்டே, படுத்திருந்தவர் வாயில் பாலை ஊற்றிவிட்டான். மூச்சு முட்டி, கண் செருகி, உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு எதைக் கொண்டுவந்தாலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் பயம்தான், வேறென்ன?

“நைனா வேணாம்னு தள்ளுறாரும்மா” என்றான் ஜினசேனன். சட்டென்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “விரதம் எடுத்துட்டாரும்மா!”

முடிவு உறுதி என்று தெரிந்தபின், தன் நினைவோடு அன்னந்தண்ணியை விட்டு அமைதியாகப் போவது ஜைனக் குடும்பங்களில் பெரிய பேறு. நயினாரின் அப்பா அப்படித்தான் போனார். அன்றைக்கு இவர் சும்மா இருந்திருக்கலாம். “எனக்கும் இந்த மாதிரிதான் வரணும்” என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லி வைத்தார். போதாதா?

பாண்டிச்சேரிப் பேச்சு அடங்கிப்போனது. வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் சொந்தங்கள் பஸ் பிடித்து வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்ததோடு சரி. அவர் இடது கையை வாய்ப்பக்கம் தூக்கும்போதெல்லாம் யாராவது அதைப் பிடித்து, ஆசீர்வாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடப் பாவிகளா, கையை விடுங்கடா, பசிக்குதுடா என்று உள்ளுக்குள் அலறினார். அந்த அலறல் அவர் தலையைத் தாண்டி வெளியே வரவில்லை.

நாலாம் நாள் மாலை, ஜைனக் கோயிலில் பூசை செய்யும் வாத்தியார் வந்தார். சம்மதமில்லாமல் இந்த விரதம் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. மூன்று முறை கேட்டார்.

“முழு மனசோடதானே?”

“ஆமா.” “ஆமா.” “ஆமா.”

வாத்தியாருக்கே கண் கலங்கிவிட்டது. காலையில் முறைப்படி விரதம் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் போனார். நயினாரின் கண்ணில் வழிந்த நீரை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

அப்புறம் மனைவி அனந்தமதி வந்து உட்கார்ந்தாள். விரதத்துக்கு முன்னால் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

“நான் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிட்டீங்களா?”

“ஆமா.”

“என் மேல கோவம் ஒண்ணும் இல்லியே? இருக்குதா?”

“ஆமா.”

அவள் நிமிர்ந்தாள். மன்னித்தாராம், கோபமும் இருக்கிறதாம்! முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“இன்னாங்க, நான் செத்துட்டேனா?”

“ஆமா.”

“ஐயோ!” வாயில் அடித்துக்கொண்டாள். “டேய் ஜினசேனா, இவருக்கு வேற வார்த்தை வரலடா! டாக்டரு இன்னாடா சொன்னாரு? முழுசா சொல்லுடா!”

அவன் திக்கித் திக்கி முழுவதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. அவள் ஓடிப்போய்க் கெட்டிக் கஞ்சியோடு வந்தாள். அதற்குள் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டது.

“பொழுது போயிடுச்சேம்மா” என்றான் மகன். “இருட்டினப்புறம் நைனா பச்சத்தண்ணி தொட்டவரில்லியே. காலையில…”

நயினாரின் இடது கை பாய்ந்து கிண்ணத்தைப் பிடித்தது.

“கதவைச் சாத்துடா” என்றாள் அனந்தமதி. “பாவம் வந்தா என் தலையில வரட்டும். நைனாவைத் தூக்கி நிமிர்த்து.”

முதல் கரண்டி வழிந்துவிட்டது. இரண்டாவதுக்கு இருமல் வந்தது. மூன்று பேரும் நடுங்கிப்போனார்கள். மூன்றாவது உள்ளே இறங்கியது. பத்துக் கரண்டி போனபின், “போதுமா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றார் நயினார்.

அவள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.