டியூட்டி முடிந்தவள்

கார்லீன் விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு கறுப்புச் சுவிட்ச்.

"என்ன தம்பி இது, பேட்டரியா?"

"நெருப்பு கூடாதுன்னு உத்தரவு மேடம். அலாரம் அடிச்சிடும்" என்றான் ட்ரெவர். பல்கலைக்கழகம் மலர்வளையத்தோடு அனுப்பிவைத்த பையன்.

தேவாலயத்தின் நடுவில் அம்மா வெள்ளை நர்ஸ் தொப்பியோடு பெட்டிக்குள் கிடந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, பேரைக் கூப்பிட யார் வர்றாங்க?"

"அதான் சங்கடம். நர்சிங் டிபார்ட்மென்ட்டை மே மாசத்தோட மூடிட்டோமே. பழைய மாணவிகள் சங்கமும் அதோட கலைஞ்சிடுச்சு, அனுப்ப ஆள் இல்ல. நான் வேணா மைக்ல கூப்பிடட்டுமா?"

"நீ நர்ஸா?"

"மார்க்கெட்டிங் மேடம்."

கார்லீனுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. விஷக்காய்ச்சல் கண்ட மரவெட்டிகளைப் பார்க்க வந்த கன்னியாஸ்திரிகள், கை போதாமல், உள்ளூர் விவசாயிகளின் பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய நர்சிங் பள்ளி இது. அது கல்லூரியாயிற்று, பிறகு பல்கலைக்கழகமாயிற்று. வணிகப் படிப்பு வந்தது, ஐஸ் ஹாக்கி மைதானம் வந்தது. கடைசியில், நர்சிங்கால் நஷ்டம் என்று பெற்ற தாயையே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கே படித்த நர்ஸ் செத்தால், அங்கே படித்த இன்னொரு நர்ஸ் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் விளக்கை அணைத்து, டியூட்டி முடிந்தது என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றைத்தான்.

"கூப்பிடாம அனுப்பிடாதடி. அப்புறம் நான் வார்டு வார்டா அலைஞ்சிட்டே இருப்பேன்."

அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று கார்லீன் முடிவுகட்டியிருந்தபோது கதவு திறந்தது. முதியோர் இல்லத்துப் பணிப்பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் பெர்னடைன், அம்மாவோடு ஒன்றாகப் படித்தவர்களில் எஞ்சியிருந்த ஒரே ஆள். நீலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவளும் அதே வெள்ளைத் தொப்பி வைத்திருந்தாள்.

"வரமாட்டீங்கன்னு சொன்னாங்களே ஆன்ட்டி!"

"சொல்லுவாங்க. பனியாம், நிமோனியா வருமாம். வரட்டுமே, வந்து எதை அள்ளிட்டுப் போகப்போகுது? விளக்கைக் குடு."

பூசை முடிந்ததும் பெர்னடைன் கூப்பிட்டாள். "லியோனா நொவாக்." மெலிந்த குரல், ஆனாலும் வார்டின் கோடிவரை கேட்கிற பழைய குரல். மறுபடி, "லியோனா நொவாக்." ட்ரெவர் போனைப் பைக்குள் வைத்தான். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கார்லீன் தன்னை மறந்து பெட்டியைப் பார்த்தாள். அம்மா ஒருநாளும் தன்னை யாரும் இரண்டாவது தடவை பெயர் சொல்லிக் கூப்பிட விட்டதில்லை.

"லியோனா, உன் டியூட்டி முடிஞ்சது. நீ போ. இனிமே நாங்க..."

பெர்னடைன் நிறுத்திவிட்டாள். நாங்க பாத்துக்கிறோம் என்பது மீதி. வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள். நர்ஸுகளுக்கென்று விட்டிருந்த முன்வரிசை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"நீ போ" என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள்.

மற்றவர்கள் பெட்டியின் பின்னால் நடந்தார்கள். சவ வண்டியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கார்லீன் விளக்கை வாங்கிக்கொள்ளக் குனிந்தாள். பெர்னடைன் கொடுக்கவில்லை. பணிப்பெண் கோட்டு எடுக்கப் போகும்வரை காத்திருந்து, விளக்கை மறுபடி போட்டாள்.

"கண்ணு, என் பேரைக் கூப்பிடு."

"ஆன்ட்டி, நான் நர்ஸ் இல்லையே."

"வேற யாரு இருக்கா? அந்த மார்க்கெட்டிங் பையனா? கூப்பிடு. காது கேக்கும்போதே கேட்டுக்கிறேன்."

கார்லீன் சக்கர நாற்காலியின் முன் மண்டியிட்டாள்.

"பெர்னடைன் ஷுல்ட்ஸ்."

"இருக்கேன்."

"பெர்னடைன் ஷுல்ட்ஸ்."

"இங்கதான் இருக்கேன்."

வெளியே வண்டி கிளம்பக் காத்திருந்தது. கார்லீன் மூன்றாவது முறையும் கூப்பிட்டாள்.

பெர்னடைன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் விளக்கின் அடியில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது.