கோவிந்தராஜின் அட்டைக்குப் பின்னால்

1

ஓ.ஆர்.எம். என்ற கம்ப்யூட்டர் பாடம் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்ததில் பிறந்தது இந்தக் கதை. நிரலில் ‘குடும்பம்’ என்று எழுதினால் டேட்டாபேஸில் அதற்கொரு டேபிள் தானாக முளைக்குமாம். ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. தலைவரை அழித்தால் அவரைச் சார்ந்தவர்களும் கூடவே அழியும்படி செய்துவிடலாம் என்றார் வாத்தியார். வசதிதான். அதற்குள் என் தூக்கத்தில் கடல் வந்துவிட்டது.

2

அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த அந்த மாலையில்—

[வேண்டாம். ஆபீசுக்குள் ஏது அலை?]

1974. போர்ட் பிளேர், டெலானிபூர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களைக் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பும் ஆபீஸ். சூசைமேரி வேலைக்குப் புதுசு. குடும்பத் தலைவருக்கு நம்பர் போட்ட அட்டை. பெண்டாட்டி, பிள்ளைகளின் அட்டைகளுக்கு நம்பர் கிடையாது, அவர் அட்டைக்குப் பின்னால் நூலில் கோத்திருக்கும். மதிய மயக்கத்தில் அட்டையைத் தொட்டால் ஆட்களே எழுந்து வந்து நிற்பதுபோல இருக்கும் அவளுக்கு. ஓர் அட்டையில் தேயிலை வாசம்கூட... (கொஞ்சம் ஓவர்தான். இருக்கட்டும்.)

கோவிந்தராஜ் என்ற குடும்பத் தலைவர் முகாமில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் அட்டையை எடுத்துவிடச் சொன்னார் தலைமைக் குமாஸ்தா, எல்லாருக்கும் படா பாபு. எடுத்தாள். நூலோடு அவர் பெண்டாட்டி பொன்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கட்சால் கப்பலின் பட்டியலில் அந்தக் குடும்பமே இல்லாமல் போயிற்று.

3

“கப்பல்ல பேர் இல்லைங்கிறாங்க மிஸ். நாங்க இருக்கோம் தானே?” என்று பொன்னம்மா வந்து நின்றாள்.

சூசைமேரி எழுந்தாள். பாபுவிடம் ஓடினாள்.

“ஆத்மி இல்லாம, ஆம்பளை இல்லாம, கார்டு நஹி. மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பிடு,” என்றார் அவர்.

மெயின்லேண்டில் பொன்னம்மாவுக்கு ஒருவருமில்லை. கட்சால் கப்பல், இங்கே ஜஹாஸ், சாயங்காலம் கிளம்பிவிடும்.

4

முடிவு அ: ஆறு வயது மகனையே தலைவனாக எழுதுவது. பாபு சிரிப்பார். தள்ளு.

முடிவு ஆ: கோவிந்தராஜைச் சாகவிடாமல் அட்டையைத் திரும்ப வைப்பது. எனக்கு ஆசை இதில்தான். செத்தவர் கப்பலேறுவார். அவர் பேரில் வீடு. விடியலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல்—

சூசைமேரிக்கும் அதே ஆசை. “அக்கா, அவர் இருக்கார்னே எழுதிடறேன். யார் வந்து பாக்கப்போறா?”

பொன்னம்மா அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வேணாம் மிஸ். இந்தக் கையால மண்ணு போட்டேன். செத்தவர் செத்தவராவே இருக்கட்டும். நான் உசிரோட இருக்கேன் தானே? என்னைய எழுதுங்க.”

என் திட்டத்தில் இல்லாத பேச்சு. ஆசைப்பட்ட முடிவு அதோடு போச்சு. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

சூசைமேரி நூலை அறுத்தாள். புது அட்டையில், தலைவர் என்ற இடத்தில், பொன்னம்மா என்று எழுதிப் பாபுவின் மேசையில் வைத்தாள்.

5

பாபு டீ குடிக்கப் போயிருக்கிறார். அவரைத் திரும்ப அழைத்துவர என்னால் ஆகாது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கையெழுத்துக்கு இடம் அட்டையின் அடியில் இருக்கிறது. பொன்னம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள், சின்னது இடுப்பிலேயே தூங்கிவிட்டது. ஜஹாஸ் ஒருமுறை ஊதியாயிற்று.