நோன்புக்கு முந்தி வந்த மாப்பு

என் தங்கச்சி ஸுஹைறா மௌத்தாகி முப்பத்தெட்டு நாளாகியும் யாருடைய கனவிலும் வரவில்லை. கல்முனையில் அப்படி நடப்பதில்லை. எங்கள் மௌத்துகள் பத்துப் பதினைந்து நாளில் கனவில் வந்துவிடுவார்கள். சுணங்கினால் முப்பது. நாற்பதைத் தாண்டினால் பிறகு வரவே மாட்டார்கள்.

அதைச் சொல்லி அழத்தான் அவளுடைய ஒரே மகள் ஸப்னா என் வாசலில் வந்து நின்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். எதற்கும் முதலில் வருவது அதுதானே.

"பெரியும்மா, உம்மா ஒருக்காவும் வரல்ல. நீங்க போய்ப் பாருங்களேன்."

"ஏன், செத்த சனத்தோட கதைக்கிற பொம்பள கலியாண ஊட்டுல முன்னுக்கு வரப்படாதுண்டு ஒங்கும்மாதானே சொன்ன? இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்?"

ஸப்னா தாயின் போனை எடுத்து என் தையல் மெசின்மேல் வைத்தாள். அந்தப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், இதே ஸப்னாவின் கலியாணத்தில் நடந்தது அது. மருதோண்டித் தட்டோடு மணப்பெண்ணிடம் போன என்னை, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க ஸுஹைறா மறித்து, பின்னறையில் இருக்கச் சொன்னாள். சோறு தின்னாமல் வந்துவிட்டேன். அதோடு பேச்சு இல்லை. ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஆறு வருடம்.

என் வேலையைச் சொல்லவேண்டும். நாம் விழித்திருக்கும் உலகத்துக்கு அப்பால் இரண்டு கரைகள் இருக்கின்றன. முதலாவது மின்கரை. போனுக்குள் நாம் போட்டதும், அழித்ததும், மறந்ததும் எல்லாம் அங்கே கிடக்கும். அழித்த படங்கள் நெத்தலி காயப்போட்டதுபோல மணலில் பரந்திருக்கும். எடுக்காத அழைப்புகள் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். அங்கே சூரியனும் இல்லை, நிழலும் இல்லை. உயிர் பிரிந்தவர்கள் முதலில் கண் விழிப்பது அங்கேதான், பாதிச் சீவியத்தை அதற்குள்ளேதானே கழிக்கிறோம். இரண்டாவது கனாக்கரை. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நம் கனவுக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவில் தாம்போதி என்ற ஒரு தாழ்பாலம், மாரியில் கிட்டங்கி ரோட்டுக்கு மேலால் பாய்வதுபோல எப்போதும் வெள்ளம் பாய்ந்துகொண்டிருக்கும்.

மௌத்தின் போனைத் தலையணைக்குக் கீழ் வைத்து மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தால் நான் மின்கரையில் நிற்பேன். பின்னேர அஸர் பாங்கு கேட்டால் எழும்பிவிடுவேன். அந்த இடைவெளிதான் எனக்குக் கிடைப்பது. கடக்க முடியாமல் நிற்பவர்களை விசாரித்து, என்ன தடை என்று வீட்டாருக்கு வந்து சொல்வேன்.

அன்றைக்கும் படுத்தேன். ஸுஹைறா தாம்போதி ஓரத்தில் நின்றாள், வெள்ளம் கணுக்காலில் அடிக்க. கையில் ஒரு சிறு பொதி. அதன்மேல் என் பெயர்.

அது நான் திறக்காமல் விட்ட செய்தி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நோன்புக்கு இரண்டு நாள் முந்தி அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அறிந்தோ அறியாமலோ உங்கள் மனம் நோகும்படி நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மாப்புத் தாருங்கள்.' ஒவ்வொரு நோன்புக்கும் ஊரே ஊருக்கு அனுப்புகிற செய்தி. போன் ரீலோட் கடைக்காரன்கூட எனக்கு அனுப்பியிருந்தான். முதல் வரியைப் பார்த்தேன், பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடக் காயத்துக்கு ஊருக்கெல்லாம் அனுப்புகிற செய்திதானா என்று திறக்காமலே விட்டேன். பத்தொன்பதாம் நோன்பில் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டபிறகுதான் நான் அந்த வீட்டுப் படி ஏறினேன்.

"ராத்தா, வந்திட்டீங்களா?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

எனக்கோ வாய் அடங்கவில்லை. "ஊருக்கெல்லாம் அனுப்பினத எனக்கும் அனுப்பிட்டு, அதத் தூக்கிட்டு நிக்கிறியா? எனக்கெண்டு ரெண்டு சொல்லு எழுத ஒன்ட கை வலிச்சிதா?"

"மேல ரெண்டு வரிதான் ராத்தா ஊருக்கு. கீழ உள்ளது ஒங்களுக்கு."

"பொய்."

"தொறந்து பாருங்க. ஆனா தொறக்க முந்தி இஞ்சயே ஒரு சொல்லு சொல்லிப்போட்டுப் போங்க. நீங்க தொறந்தா நான் அக்கரைக்குப் போயிருவன். அங்க போனா எனக்கு ஒண்டும் கேக்காதே."

அந்தச் சட்டம் எனக்குத் தெரியாததா? கனாக்கரைக்காரர்கள் நம் கனவில் வந்து கதைப்பார்கள், நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்காது. எத்தனை வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன், கதைக்க வேண்டியதை மின்கரையில் வைத்துக் கதைத்துவிட வேண்டுமென்று.

"மொதல்ல வாசிக்கிறன். பொறகு பாப்பம்," என்றேன்.

"ராத்தா..." என்றாள். பாங்கு கேட்டது.

எழும்பினேன். என் போன் பக்கத்தில் கிடந்தது. அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். மறுநாள் லுஹருக்குப் பிறகு போய், 'தந்தன்டி, போ' என்று சொல்லிவிட்டு வந்து திறந்திருக்கலாம். நாற்பதுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவள் பொய் சொல்கிறாளா என்று பார்க்கிற வெறி எனக்கு. திறந்தேன்.

மேலே இரண்டு வரி ஊருக்கு. அதற்குக் கீழே:

'ராத்தா, அண்டைக்கு மாப்பிள்ள ஊட்டாருக்குப் பயந்துதான் ஒங்கள உள்ளுக்கு இருக்கச் சொன்னன். ஸப்னாக்கு மருதோண்டி வேற ஆரும் போடல்ல. நான் உடல்ல. அவ வெறுங்கையோடதான் போன. ஒவ்வொரு நோன்புக்கும் எழுதி எழுதி அழிச்சன். நேர வாறதுக்கு முகம் இல்ல. இந்த மெசேஜப் பாத்தா மதிலால ஒரு சத்தம் குடுங்க. நான் ஓடி வந்திருவன்.'

அல்லாஹ்வே! செய்தி வந்து இருபத்தொரு நாள் அவள் உயிரோடு இருந்தாள். எத்தனை இப்தாருக்கு அந்த மதிலடியில் காதை வைத்துக்கொண்டு இருந்தாளோ.

மறுநாள் லுஹரைத் தொழுதும் தொழாததுமாகப் படுத்தேன். மின்கரை வெறிச்சென்று கிடந்தது. வெள்ளத்துக்கு அப்பால், அக்கரையில், அவள் போய்க்கொண்டிருந்தாள். "ஸுஹைறா! மாப்புத் தந்திட்டன்டி! கேக்குதா? தந்திட்டன்!" தொண்டை கிழியக் கத்தினேன். கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய சோற்றோடு ஸப்னா ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. என் கையைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"பெரியும்மா, உம்மா வந்தா! அந்தப் பச்சச் சாரியோட, எனக்குப் பக்கத்துல குந்திட்டு இருந்தா. நீங்க இல்லாட்டி நடந்திருக்குமா?"

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு கேள்விதான். 'ராத்தா மாப்புத் தந்தாவா'ண்டு கேட்டா. நான் ஓம் உம்மா, ஓமுண்டு எத்தின தரம் சொன்ன. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டா. நேத்தும் அதுதான், இண்டைக்கும் அதுதான்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க குடுத்தீங்கதானே பெரியும்மா?"

"குடுத்தன் மகள்," என்றேன். எப்போது கொடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை.