ஆளில்லை என்று எழுதிய இடம்

…ஓடக்கூடாது, இன்றைக்கு ஒருவரும் ஓடக்கூடாது, பென்னலூர் ஏரிக்கரைப் பக்கம் ஜீப் சத்தம் கேட்கிறது, கேட்கட்டும், பதினான்கு குடிசை வாசலிலும் ஆள் நிற்கிறது, விடிந்ததிலிருந்து ஒவ்வொரு வாசலாகப் போய் நான்தான் நிறுத்தினேன், சிலரைக் கெஞ்சி, சிலரைத் திட்டி… வருவது போலீஸ் இல்லை, கோர்ட்டு அனுப்பும் கமிஷனர் வக்கீல், நாம் இங்கே குடியிருக்கிறோமா இல்லையா என்று பார்த்து எழுத வருகிறார் என்று எத்தனை தடவை சொன்னாலும் என் புருஷன் அப்பாவு கருவேலங்காட்டையே பார்க்கிறான். "நிக்கறேம்மே, காலுதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்கிறான். நில்லுய்யா, போன தடவை ஓடியதால் வந்த வினைதானே இதெல்லாம்.

கம்பெனிக்கு ரோடு போட இடம் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், ஜீப் என்றதும் பிள்ளைகுட்டியோடு புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டோம், அடுப்பில் உலை கொதிக்கிறது, கொடியில் ஈரத்துணி சொட்டுகிறது, அத்தனையும் பார்த்துவிட்டு ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போனார்களாம்… ஏன், சோற்றைப் பேயா பொங்கியது? அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் காலி செய்யச் சொன்னார்கள், எங்கள் வக்கீலம்மா அமலா கேஸ் போட்டார்கள், ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் நான் கூண்டேறினேன். குடியிருந்தவர்கள் அன்றைக்கு எங்கே போனீர்கள், ஒளியச் சொன்னது யார் என்று அரசு வக்கீல் மடக்கினார். என்ன சொல்வது? எந்த ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் எங்களை மாதிரி இருளனைத்தான் தூக்குவார்கள், என் கொழுந்தனை மோட்டார் திருடினான் என்று கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தார்கள், திரும்பி வந்தவனால் விரலை மடக்க முடியவில்லை, மோட்டாரோ சொந்தக்காரனின் மச்சான் வீட்டிலேயே கிடைத்தது… ஒளிந்ததை மறைக்கவில்லை நான்.

"நான்தான் சாமி ஒளிய சொன்னேன். எங்க புள்ளைங்களுக்கு நடக்க கத்துத் தர்றதுக்கு முன்னாடி ஒளிய கத்துத் தருவோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள், ஜட்ஜ் ஐயா சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், சின்னப்பொண்ணு சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார், ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவரட்டும் என்று உத்தரவும் போட்டார். எலி பிடிக்கிறவள் பேச்சைக் கோர்ட்டில் எழுதினார்கள், யாருக்குக் கிடைக்கும்? பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு கொள்ளவில்லை எனக்கு.

இதோ ஜீப் நின்றுவிட்டது, கறுப்புக் கோட்டு இறங்குகிறது… ஐயோ, மருமகள் ராஜம்மா குழந்தை வாயைப் பொத்தியிருக்கிறாளே, பழக்கம், நான் கற்றுக்கொடுத்த பழக்கம்… எட்டிப் போய்க் கையை எடுத்துவிட்டேன், அழட்டும், நன்றாக அழட்டும், குழந்தை அழுகிற இடத்தில் ஆளில்லை என்று எவன் எழுதுவான். அது கத்திய கத்தலில் வக்கீல் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார். பெயர் கேட்டார், புருஷன் பெயர், எத்தனை வருஷமாக என்று கேட்டார், பிறந்ததே இங்கேதான் என்றேன், குரல் பிசிறவில்லை. நாங்கள் கும்பிடுகிற கன்னியம்மா கல், கிணறு, குடிசை, ஒன்று விடாமல் எழுதினார், ஐம்பத்து மூன்று பெயர், ஒருவர்கூட ஓடவில்லை, அப்பாவு கூட, என் ஜனம் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று நான் பார்த்ததே இல்லை. எழுதியதை அவர் படித்துக் காட்டினார்… கிழக்கிலிருந்து மூன்றாவது குடிசை, அப்பாவு, மனைவி சின்னப்பொண்ணு… இனிமேல் யார் தேடி வந்தாலும் எந்தக் குடிசையில் யார் என்று காகிதம் சொல்லிவிடும், கோர்ட்டுக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியாமலா போகும்? தெரியட்டும் என்றுதான் நினைத்தேன், தலை நிமிர்ந்துதான் நின்றேன், ஜீப் ஏரிக்கரையைத் தாண்டிப் போகிறவரை என் குதிகால் இரண்டும் தரையில் படாமல் தூக்கியே இருந்தன.