யார் விட்ட எண்ணெய்

கிளெனிஸ் கேமராவின் பொத்தானை அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை அமுக்கிவிட்டு நெவிலைப் பார்த்தார்.

"சரியாயிடுச்சுன்னு போன்ல சொன்னீங்களே?"

வின்யார்ட் என்ற சின்ன ஊரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களுக்கென்று இருக்கும் பட்டறை அது. செவ்வாயும் வியாழனும் திறப்பார்கள். பழுது பார்க்கிறார்கள் என்று பேர். வீட்டைவிட்டு இவர்களைத் துரத்திவிட்டால் மனைவிமாருக்கு அரை நாள் நிம்மதி, அதுதான் உண்மை. நெவில் மட்டும் நிஜமாகவே வேலை தெரிந்தவர். நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பார்த்த கை. கிளெனிஸின் அப்பா வைத்துவிட்டுப் போன மடக்குக் கேமராவில் ஷட்டர் இறுகிக் கிடந்தது. பதினோராம் தேதி அதைத் திறந்து சுத்தம் செய்து, தன் அலமாரியில் வைத்தவர் அவர்தான். வருகிற சனிக்கிழமை துலிப் வயலில் பேத்திக்குக் கல்யாணம். அந்தக் கேமராவில்தான் படம் எடுப்பேன் என்று கிளெனிஸ் பாட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"ஒரு மணி நேரம் உட்காருங்க," என்றார் நெவில்.

லென்ஸைக் கழற்றி, பஞ்சுக் குச்சியால் ஷட்டர் தகடுகளைத் தொட்டார். குச்சி பளபளத்தது. எண்ணெய்! தாள் மாதிரி மெலிந்த அந்தத் தகடுகள் பவுடர் போட்ட கன்னம்போலக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது தெரியாத ஆள் இந்தப் பட்டறையில் ஒருவர்தான். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, எதிர் மேசையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த கிழவர் லாரியைப் பார்த்தார்.

லாரி புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். எண்ணெய்க் குப்பி அவருக்கு ஆறாவது விரல். கதவு கீல், தையல் மெஷின், போன வருஷம் யாரோ கொண்டுவந்த அக்கார்டியன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. கிளெனிஸ் சுட்டுக் கொண்டுவரும் ஸ்கோன் பன் எப்போதும் முதலில் நெவிலின் மேசைக்குத்தான் போகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் புகைச்சல் உண்டு என்பதும் ஊரறிந்த விஷயம்.

"யோவ் லாரி, இதைத் தொட்டியா?"

லாரி கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். "ஏன்?"

"எண்ணெய் விட்டிருக்கு. விட்டது யாரு, மாதா கோயில் பாதிரியாரா?"

"சரி, நான்தான் விட்டேன்னு வெச்சுக்கோ. துடைச்சுட்டு வேலையைப் பாரு."

"வெச்சுக்கோன்னா என்னய்யா அர்த்தம்? வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துல சொல்லி உன் பட்டறைச் சாவியைப் பிடுங்கலைன்னா பாரு."

"பிடுங்கு."

ஒரு தேக்கரண்டி அதிகமாகச் சர்க்கரை போட்டாய் என்று சொன்னாலே ஒரு வாரம் சண்டை போடுகிற மனுஷன். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறானே! நெவிலுக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அவருக்கு இது வெறும் கேமரா இல்லை. ஜூன் மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டார். ஹோபார்ட்டிலிருந்து மகள் பறந்து வந்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டை வித்துட்டு என்கூட வந்துடணும்ப்பா." அன்று முதல் அவர் தன் தலை சரியாக இருப்பதற்குச் சாட்சியாகக் காட்டுவது இந்த மேசையைத்தான். இங்கே அவர் கை தப்பாது.

தகடுகளை எண்ணெய் போக்கும் பென்சினில் கழுவக் கழற்றும்போது உள்வளையம் தனியாக வந்தது. எந்தச் சாமானைத் திறந்தாலும் உள்ளே, யார் கண்ணும் படாத இடத்தில், ஊசியால் தேதியைக் கீறுவது அவர் வழக்கம். கடிகாரக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். 11.9 இருந்தது. அதற்குப் பக்கத்தில் 25.9 இருந்தது.

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வால் வளையாத ஒன்பது. அடியில் சின்னக் கண்ணி போட்ட இரண்டு. ஐம்பது வருஷமாக அவர் எழுதுகிற இரண்டு.

இருபத்தைந்து, போன வியாழன். அன்று மழை, வீட்டில் படுத்திருந்தேன் என்றுதான் நேற்றுகூட மகளிடம் சொன்னார்.

"லாரி," என்றார். குரல் இறங்கிவிட்டது. "போன வியாழக்கிழமை நான் இங்க வந்தேனா?"

தீட்டுகல் நின்றது. கிளெனிஸ் ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எண்ணெய் நான்தான் விட்டேன்னு சொன்னேன்ல," என்றார் லாரி, சுவரைப் பார்த்து. "டீ ஆறுது."

நெவில் தகடுகளைக் காயவைத்தார், பொருத்தினார். வளையத்தை மூடுமுன் ஊசியை எடுத்தார். மூன்றாவது தேதிக்கு இடம் இருந்தது. ஊசி முனை உலோகத்துக்கு மேலே நின்றது, வெகு நேரம். பிறகு கீறாமலேயே மூடினார்.

ஷட்டர் வேகத்தை ஒரு நொடிக்குத் திருப்பி வைத்து, பின்பக்கம் கண்ணை வைத்து அமுக்கினார். தகடுகள் விரிந்தன. நடுவில் லாரியின் முகம், இவரையே பார்த்துக்கொண்டு. தகடுகள் மூடிக்கொண்டன.