கீழ்வீட்டுக் குளியலறை

அழைப்புமணி அடித்தபோது மல்-சுக்கின் இரண்டு கைகளும் முழங்கை வரை மிளகாய்ச் சாந்தில் இருந்தன. உப்பில் ஊறிய முட்டைக்கோஸின் இதழ்களை ஒவ்வொன்றாக விரித்து, சாந்து தடவி, மடித்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி. பாதியில் எழுந்திருக்கும் வேலையில்லை அது.

"ஏங்க, யாருன்னு பாருங்க!" என்று கூடத்தை நோக்கிக் கத்தினாள்.

கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பிப் போனது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ரப்பர் கையுறையோடு எழுந்து, முழங்கையாலேயே கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டு டோ-ஹி நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை. பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அக்கா, அண்ணன்... எங்க வீட்ல... சீக்கிரம் வாங்கக்கா."

"எந்த அண்ணன்?" என்றாள் மல்-சுக்.

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரில் சிவப்புச் சொட்டுகள் தெறிக்கப் படியிறங்கி ஓடினாள்.

மல்-சுக்கின் புருஷன் சாங்-கியூ கீழ்வீட்டுக் குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டைக் கை மடித்துவிடப்பட்டிருந்தது. கால்சட்டையும் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. தண்ணீர் போகும் துளையின் மூடி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கொத்து முடியும், முட்டைக்கோஸ் துணுக்குகளும். துளையில் சோடா மாவும் வினிகரும் சேர்ந்த வெள்ளை நுரை சளசளவென்று இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை.

புருஷனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மல்-சுக்கின் கண்ணில் பட்டது அந்தப் புட்டிதான். கழுத்தில் நீலநூல் கட்டிய புட்டி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சீமைப்பனிச்சைப் பழத்தைப் புளிக்கவைத்து, வடிகட்டி, அவள் கையாலேயே எடுக்கிற வினிகர். அவள் தன் வீட்டுச் சாக்கடைக்குக்கூட அதை ஊற்றியதில்லை. அதற்குக் கடையில் விற்கிற வெள்ளை வினிகர் போதும். இது குடிக்கிறது. வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறது. கொஞ்ச நாளாகவே புட்டி குறைந்துகொண்டு வந்ததைப் பார்த்து, மகள்தான் எடுத்துப் போகிறாள் என்று நினைத்திருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேங்க்கா. குனிஞ்சிட்டிருந்தாரு. திடீர்னு தலை சுத்துதுன்னாரு. அவ்வளவுதான்."

மல்-சுக் மண்டியிட்டு அவரைப் புரட்டினாள். வெள்ளைச் சட்டையின் தோளில் அவளுடைய ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்தன.

---

இதயம் நின்றுவிட்டது, வந்து சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார் மருத்துவர். மருத்துவமனையின் கீழ்த்தளத்திலேயே, துக்கத்துக்கு வருகிறவர்களுக்கான சாவுக்கூடம். சாமந்திப் பூக்களுக்கு நடுவில் சாங்-கியூவின் படத்தை வைத்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்துப் படம். யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல முகம்.

எங்கே விழுந்தார் என்று முதலில் கேட்டவள் மகள் சோல்-மி.

"படிக்கட்டுல" என்றாள் மல்-சுக்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. அதன்பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போது. நடக்கப் போனவர். ஆமாம், திடீரென்று. வந்தவர்கள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள், எழுந்தார்கள், மாட்டிறைச்சிக் காரக்குழம்பும் சோறும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மல்-சுக் கறுப்பு உடையில் நின்றபடி தலைகுனிந்து வணங்கினாள்.

அழுகை வரவில்லை. துக்கம் வருகிற வழியில் வேறு ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து தங்கள் வீட்டுச் சாக்கடைத் துளையில் அவர் ஒரு விரலை விட்டதில்லை. சோல்-மி கைக்குழந்தையாக இருக்கும்போது தோலெல்லாம் தடித்துச் சிவந்தது. அன்றைக்கே வீடு கழுவுகிற கடை மருந்துகள் அத்தனையையும் தூக்கியெறிந்தவள் மல்-சுக். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், கோதுமை மாவில் எண்ணெய்ச் சட்டி, கல்லுப்பில் வெட்டுப்பலகை, சோடா மாவும் வினிகரும் சாக்கடைக்கு. அவர்கள் குடியிருந்த மலைச்சரிவில் மழைக்காலம் முழுக்க எல்லா வீடும் நாறும், அவள் வீடு நாறாது. அதற்காக அவள் முட்டி தேய்ந்தது. அவர் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். காலைத் தூக்குங்க என்றால் தூக்குவார்.

அந்த மனிதர் இன்னொருத்தி வீட்டில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. குளியலறையில் குனிந்து துளையைத் தேய்க்கும்போது கீழ்வீட்டுச் சத்தம் குழாய் வழியாக மேலே வரும். தண்ணீர் விழுவது, வாளி நகர்வது. சில நாள் சிரிப்பு. டோ-ஹியின் சிரிப்பு, கூடவே ஒரு ஆணின் சிரிப்பு. தொலைக்காட்சியில் நாடகம் பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு மல்-சுக் தேய்ப்பாள். இப்போது, குழம்புக் கிண்ணங்களின் சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போது, அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரிந்தது. வீட்டில் கேட்டே இராததால் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் டோ-ஹி வந்தாள். துணி திருத்தித் தைக்கிற கடை வைத்திருப்பவள். கறுப்பு உடை அவளுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. மல்-சுக்கை விடப் பத்து வயதாவது இளையவள். படத்துக்கு முன்னால் கும்பிட்டு எழ அவள் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டதாக மல்-சுக்குக்குத் தோன்றியது.

சாங்-கியூவின் தங்கை பில்-நியோ அவளை விடவில்லை.

"நீதானேம்மா முதல்ல பாத்தது? எங்கண்ணன் எந்தப் படியில விழுந்தாரு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். டோ-ஹி மல்-சுக்கைப் பார்த்தாள். மல்-சுக் சாமந்திப் பூக்களைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு வாசல்ல" என்றாள் டோ-ஹி. "கடைசிப் படி. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன்."

"அப்ப ஏன் கால்சட்டையைச் சுருட்டியிருந்தாராம்? சட்டையெல்லாம் ஈரமா இருந்துச்சு. ஆஸ்பத்திரில துணியை எங்கிட்டதான குடுத்தாங்க."

"மேல கிம்ச்சி போட்டுட்டிருந்தோம்" என்றாள் மல்-சுக். "முட்டைக்கோஸ் அலசிக் குடுத்தாரு."

"எங்கண்ணனா? அலசினாரா?" பில்-நியோ வாயைப் பிளந்தாள். "அண்ணி, தண்ணி குடிச்ச டம்ளரைக்கூட அவரு நகத்தி வச்சதில்லையே!"

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள் மல்-சுக். குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "என் வீட்ல அவரு என்ன செஞ்சாருன்னு உனக்கு என்ன தெரியும்?"

மல்-சுக் கூடத்தை விட்டு வெளியே வந்தாள்.

கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கையுறைக்குள் எப்படியோ புகுந்திருந்த மிளகாய் நகக்கண்ணில் இன்னும் எரிந்தது. கண்ணாடியில் டோ-ஹி தெரிந்தாள். கதவருகே நின்றாள், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"எத்தனை நாளா?" என்று மல்-சுக் கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்.

"போன மழைக்காலத்துலேர்ந்து. நீங்க நினைக்கிற மாதிரி இல்லக்கா."

"நான் என்ன நினைக்கிறேன்னு உன்னைக் கேக்கல."

டோ-ஹி அருகில் வந்தாள். "சாக்கடை நாத்தம் தாங்காம கடையில ஒரு மருந்து வாங்கி ஊத்தினேன். கண்ணு, தொண்டையெல்லாம் எரிஞ்சுபோய்ப் படிக்கட்டுல வந்து உக்காந்திருந்தேன். அண்ணன் மேல ஏறிட்டிருந்தாரு. 'இதெல்லாமா ஊத்துறது? எங்க வீட்டம்மா பாத்தா உன்னை விளக்குமாத்தால அடிப்பா'ன்னாரு. போயி ஒரு காகிதத்துல சோடா மாவு மடிச்சு எடுத்துட்டு வந்தாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித் தரல."

"பாத்துக்கிட்டே இருப்பாராம். முதல்ல மாவு, அப்புறம் வினிகர், உடனே துணி போட்டு மூடிடணும், பொங்கி அடங்குற வரைக்கும் தொடக்கூடாது, அப்புறம்தான் கொதிக்கிற தண்ணி. 'நான் அவசரக்காரன், அவ பொறுமைக்காரி'ம்பாரு. 'எங்க வீட்ல நான் தொட்டா அவளுக்கு ரெண்டு வேலை, அதான் உன் வீட்ல கத்துக்கிறேன்'ம்பாரு."

"அந்த வினிகர்?"

"'இது எங்க வீட்டம்மா போட்டது, எந்தக் கடையிலயும் கிடைக்காது'ன்னு சொல்லி ஊத்துவாரு. 'இதையாண்ணே சாக்கடைக்கு ஊத்துறீங்க?'ன்னா, 'அவ கை பட்டா எதுவும் வழிவிடும்'னு சிரிப்பாரு."

மல்-சுக் தண்ணீரை நிறுத்தவில்லை.

"சிரிச்சு சிரிச்சுப் பேசினீங்களே, என்னத்துக்கு? குழாய்ல கேக்கும் எனக்கு."

டோ-ஹியின் முகம் சிவந்தது. "ஒரு தடவை அந்த வெண்கலச் சட்டியைப் பத்திச் சொன்னாரு. நீங்க புதுப் பொண்ணா இருக்கும்போது..."

"எந்தச் சட்டி?"

"உங்க மாமியாரோடது. தேய் தேய்னு தேச்சு ஓட்டை போட்டுட்டீங்களாமே. பயந்து நிலக்கரிக் குவியலுக்குள்ள ஒளிச்சு வச்சீங்களாம். அண்ணன் அதைப் பாத்துட்டு, ராத்திரியோட எடுத்துட்டுப் போயி எங்கயோ போட்டுட்டு, 'பழைய சாமான்காரனுக்கு நான்தாம்மா வித்தேன்'னு உங்க மாமியார்கிட்ட அடி வாங்கினாராம்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டி எப்படிக் காணாமல் போனது என்று மல்-சுக்குக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, நாளாக ஆக மறந்தும் போனாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வயசானபிறகாவது, இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்த எத்தனையோ சாயங்காலத்தில் ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் சிரித்திருக்கிறாள்.

அவர் இவளைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகவாவது இரண்டு பேரையும் திட்டியிருக்கலாம்.

"இன்னும் ஒண்ணு சொல்லிடுறேங்க்கா. சொல்லலைன்னா என்னால உங்க மூஞ்சியைப் பாக்க முடியாது." டோ-ஹி கைக்குட்டையைப் பிசைந்தாள். "நடுவுல அஞ்சாறு தடவை சாக்கடை அடைக்கவே இல்ல. நான்தான் சீப்புல இருக்கிற முடியைச் சுருட்டி உள்ள போட்டேன்."

மல்-சுக் திரும்பினாள்.

"என் புருஷன் வீட்டை விட்டுப் போற வரைக்கும் என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா. ஒரு ஆம்பளை பொண்டாட்டியைப் பத்தி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. கேக்கணும்போல இருக்கும். கேட்டா அன்னிக்கெல்லாம் எரிச்சலா இருக்கும். மறுபடியும் கேக்கணும்போல இருக்கும்."

"அன்னைக்கு?" என்றாள் மல்-சுக். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "முட்டைக்கோசு? அதையும் நீதான் போட்டியா?"

"இல்லக்கா! எங்கம்மா சத்தியமா இல்ல. குளியலறையில அலசினேன். அது தானா அடைச்சுக்கிச்சு."

அதை நம்புகிறோமா இல்லையா என்று மல்-சுக்குக்கே தெரியவில்லை. நம்பாமல் இருப்பதுதான் சுலபமாக இருந்தது. ஆனால் எதிரில் நின்ற முகம் அவளை விட மோசமாக அழுது வீங்கியிருந்தது. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு வராத அழுகை இவளுக்கு எங்கிருந்து வந்தது?

"நகரு" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

---

மூன்றாம் நாள் காலையில் சவப்பெட்டியைப் பேருந்தின் அடித்தட்டில் ஏற்றினார்கள். சோல்-மி அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். தகன மண்டபம் மலைக்கு அந்தப் பக்கம்.

டோ-ஹி மருத்துவமனை வாசலில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்றாள். அவள் பேருந்துக்கு அருகில் வரவில்லை.

"அம்மா, அவங்களும் வரட்டுமா?" என்று சோல்-மி ஜன்னல் வழியே கேட்டாள்.

"குடும்பத்து ஆளுங்க மட்டும் போதும்" என்றாள் பில்-நியோ.

மல்-சுக் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். இவளை இங்கே விட்டுவிட்டுப் போனால் தனியாக வீட்டுக்குத் திரும்புவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், அவரைப் பற்றி நினைப்பாள். என்ன நினைக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம். கண்ணெதிரிலேயே இருக்கட்டும்.

"ஏறு" என்றாள்.

"அக்கா..."

"ஏறுன்னு சொன்னேன்ல. வண்டி நிக்குது."

டோ-ஹி பின்பக்கம் போகப் பார்த்தாள். மல்-சுக் தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள், அதட்டுவது போல. பில்-நியோ இதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேருந்து துறைமுகத்தை ஒட்டிப் போயிற்று. கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. டோ-ஹி மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். அவள் விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. மல்-சுக் அவளைப் பார்க்காமல் முன்னால் பார்த்தாள். சோல்-மியின் தோளுக்கு மேல் படத்தின் மரச்சட்டம் மட்டும் தெரிந்தது.

பாலம் கடந்தது. சாலை மேட்டில் ஏறத் தொடங்கியது.

"வேற என்ன சொன்னாரு?" என்றாள் மல்-சுக்.

டோ-ஹி திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னக்கா?"

"என்னைப் பத்தி. சட்டி தவிர."

"நிறைய சொல்லியிருக்காருக்கா. எதைன்னு சொல்றது?"

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம. அது உன்னோடது இல்ல."

டோ-ஹி உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் முதல்முதலா படகுல..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது பேருந்து மலைக்குள் சுரங்கப்பாதையில் நுழைந்தது. மஞ்சள் விளக்குகள் வரிசையாக ஓட, இரைச்சல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. டோ-ஹியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மல்-சுக் காதோர முடியை ஒதுக்கிவிட்டு, அவள் வாய்க்கு மிக அருகில் சாய்ந்தாள்.