பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரம்

எனக்கு அப்போது இருபது வயது. மீசை பாதிதான் வந்திருந்தது. அதையும் தினமும் காலையில் மழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டைப் பையில் மாட்டியிருந்த கறுப்புப் பெயர்ப் பட்டை என்னை ‘எல்டர்’ என்றது. எல்டர் என்றால் மூப்பர். பல் போன பெரியவர்கள் கதவைத் திறந்து பட்டையைப் படிப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், சந்தேகத்தோடு மறுபடியும் பட்டையைப் படிப்பார்கள்.

மார்மன் சபையில் என் வயதுப் பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எந்த ஊர் என்று சபை சொல்லும். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை, டை, நடந்து நடந்து தேய்ந்த ஷூ. சினிமா கிடையாது, காபி கிடையாது, டீ கிடையாது. மனமிரங்கி உள்ளே கூப்பிடுகிற நாலு பேரும் முதலில் டீதான் நீட்டுவார்கள். வேண்டாம் என்றதும் அவர்கள் முகம் விழும். அதற்குப் பிறகு கடவுளைப் பற்றிப் பேச்சை எடுப்பது மகா கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை ஜோடிக்காரன் பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள்கூட இப்படி ஒட்டிக்கொண்டு அலைய மாட்டார்கள். குளியலறைக்கு மட்டும் விலக்கு.

ஐந்து மாதமாக என் ஜோடி நெட்டை. கட்டிலுக்கு வெளியே முழங்கால்வரை நீட்டிக்கொண்டிருப்பான். என்னைவிடப் பத்து மாதம் இளையவன். அதனால் இருவரில் நான் சீனியர், போன் என் பையில்தான் இருக்கும். இந்தப் பத்து மாதத்தை நான் பத்து வருடமாக நினைத்து நடந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திங்கள் துணி துவைத்து வீட்டோடு பேசுகிற நாள். செவ்வாய் முதல் சனி வரை கதவு தட்டுவோம். ஞாயிறு காலை ஆராதனை. சாயங்காலம் வட்டத் தலைவருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். அவருக்கும் வயது இருபத்தொன்றுதான். இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பாடம் நடத்தினீர்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பதிவேடு என்று பெயர்.

இந்தக் கணக்கில் நான் புலி. கதவைத் திறக்காமலே வேண்டாம் என்றவர் ஒருவர். உள்ளேயிருந்து ‘யாருங்க அது’ என்று கேட்ட அவர் மனைவி இன்னொருவர். ஆக, பேசியது இரண்டு பேரிடம். வியாழக்கிழமைதோறும் ஓய்வு பெற்ற தபால் குமாஸ்தா ஒருவர் எங்களை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வரவேற்பார். அவர் வீட்டு இரும்பு பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்று அவர் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் நெட்டையும் அதைக் கிழக்கேயிருந்து மேற்கே தள்ளுவோம், அடுத்த வாரம் மேற்கேயிருந்து கிழக்கே. மூச்சு வாங்கும்போது நான் இரண்டு வசனம் சொல்வேன். பாடம், ஒன்று.

மூன்று வாரத்தில் பதிவேடு ஊழியம் முடிந்து வீட்டுக்குப் போகிறார். அவர் இடம் எனக்குத்தான் என்று அவரே காதோடு சொல்லியிருந்தார். அதுவரை ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா சபை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மாடிப்படியில் நெட்டை நின்றுவிட்டான். “எனக்கு வீட்டு நினைப்பாவே இருக்கு, எல்டர்” என்றான். சபை கொடுத்திருந்த சட்டக் கைப்புத்தகத்தைப் புரட்டினேன். சந்தேகத்துக்குப் பக்கங்கள் இருந்தன, பாவத்துக்கு நிறையவே இருந்தன. வீட்டு நினைப்புக்கு ஒரே ஒரு வரி: உழைப்பைக் கூட்டவும். அன்றைக்கு ஏழு கதவு கூடுதலாகத் தட்ட வைத்தேன். வியாழனன்று பீரோவைப் பிடித்தபடியே மறுபடி சொன்னான். பதினான்காக்கினேன். சனியன்று அவன் சாப்பிடவேயில்லை. இருபத்தொன்று. டாக்டர் மாதிரி வேளைக்கு வேளை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன், நோயாளியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

திங்கள் காலை வாளியில் துணியை ஊறப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் நெட்டை பெட்டியோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். சோப்புக் கையோடு பின்னாலேயே ஓடினேன். பிடிப்பதற்காக ஓடவில்லை. தூரம் அதிகமாகிவிடக் கூடாதே என்றுதான் ஓடினேன். அவனும் சட்டத்துக்குப் பயந்த பிள்ளை. நான் சிக்னலில் மாட்டிக்கொண்டபோது எதிர்ப்பக்கம் நின்று காத்திருந்தான். பச்சை விழுந்து நான் கடந்ததும் மறுபடி வேகமாக நடந்தான். இப்படியே பஸ் ஸ்டாண்ட் வரை ஒருவன் தப்பித்துக்கொண்டும் இன்னொருவன் துணைக்குப் போய்க்கொண்டும் வந்து சேர்ந்தோம்.

அவன் ஊர் பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். நான் வெளியே நின்று பதிவேட்டுக்குப் போன் போட்டேன். நான் பஸ்ஸில் ஏறவே கூடாது, ஊழியப் பகுதியைத் தாண்டுவது பெருங்குற்றம் என்றார். அப்படியானால் அவன் போனதும் நான் தனியாக நிற்பேனே என்றேன்.

“அதுவும் குற்றம்தான்.”

“அப்ப நான் என்ன செய்யறது?”

“லைன்லயே இருங்க, எல்டர். பக்கத்தைப் பாக்கறேன்.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. புரட்டிக்கொண்டே சொன்னார், நாலு மணிக்குப் பெரியவர் நேரில் வந்து பேசுவார் என்று. பெரியவர் என்றால் எங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிற, நிஜமாகவே நரைத்த மனிதர். அவர் பேசிய பிறகு யாரும் ஊருக்குப் போனதில்லையாம். அதுவரை எப்படியாவது நெட்டையை இறக்கி உட்கார வையுங்கள், இதை மட்டும் செய்துவிட்டால் அந்த இடம் உங்களுக்குத்தான், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

போனைக் காதிலிருந்து இறக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கெஞ்சினேன் என்று சொல்ல ஆசைதான், மிரட்டினேன். பாதியில் திரும்பியவனை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். என்ன தப்பு செய்தானோ என்று காது கடிப்பார்கள், நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், ஊழியத்துக்குப் போனவர்கள் படம் மாட்டுகிற சபைப் பலகையிலிருந்து உன் போட்டோவைக் கழற்றுகிற அன்றைக்கு உன் அப்பா எங்கே முகத்தை வைத்துக்கொள்வார் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தவில்லை.

நெட்டை ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றான்.

“நீ அழறது உங்க ஊருக்குத் தெரியுமா?”

யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

“பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறியே. தினமும். அம்மாகிட்ட பேசின அன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம். காதுக்கு எட்டற தூரத்துலதானே நான் இருக்கேன்?”

“ஏன் சொல்லல?”

“சொல்லி? நான் சொன்னப்ப நீ என்ன செஞ்சே?” என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “நீயும் வந்துடேன்” என்றான்.

எனக்கும் ஆசையாக இருந்தது. அம்மா சபை முழுக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது, தைரியம் வரவில்லை. “துணி ஊறிட்டிருக்கு” என்றேன்.

கையில் இருந்த போன் கத்திக்கொண்டிருந்தது. காதில் வைத்தேன். பக்கம் கிடைத்துவிட்டது, எல்டர், அவரை இறக்கிவிட்டீர்களா என்று பதிவேடு கேட்டார்.

“பஸ் போயிடுச்சு, எல்டர்” என்றேன்.

பஸ் என் மூக்குக்கு நேரே நின்றிருந்தது. என் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. படியில் நின்ற கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஹாரனை அழுத்தினார். அது என்ன சத்தம் என்று கேட்டார் பதிவேடு. வேற பஸ் என்றேன். அத்தனை வாரமாக அடித்துவிட்ட கணக்கையெல்லாம் நான் பொய் என்று நினைத்ததேயில்லை. இந்த இரண்டும் பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நெட்டை கம்பியோடு சேர்த்து என் கையை ஒரு தடவை அழுத்தினான். பஸ் நகர்ந்தது. திருப்பத்தில் மறைகிறவரை எட்டிப் பார்த்தபடி இருந்தான். எங்கள் இருவருக்கும் அதுதான் பழக்கம்.

பதிவேடும் அவர் ஜோடியும் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை நாலு பேர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும் என்று போனில் உத்தரவு வந்தது. அவர் இடம் அடுத்த மாதம் வேறு யாருக்கோ போனது. அம்மா சபையில் என்ன சொல்லிச் சமாளித்தாளோ, நான் கேட்கவில்லை.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஊழியத்துக்கு வந்த பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வலது பக்கமும் ஆள் இல்லை, இடது பக்கமும் இல்லை. இனி குழாய் தேவையில்லை, இரண்டு மணி நேரம் வாய்விட்டு அழலாம் என்றுதான் நினைத்தேன். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு காத்திருந்தும் பார்த்தேன். வரவில்லை. ஐந்து மாதமாக நான் தனியாகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.